சத்தமில்லாத மறுபாதி

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்த பெஞ்சுக்கு வாங்க. பியானோ கிளாசுக்குத்தானே? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. கீழ மெடிக்கல் ஷாப்புல வழி கேட்டீங்களா? ஒரு சிரிப்பு சிரிச்சுக்கிட்டே மாடியைக் காட்டியிருப்பானே. என்னைப் பார்த்துப் பார்த்து சிரிச்சு அவனுக்குப் பழக்கமாயிடுச்சு. இப்ப யார் வந்து கேட்டாலும் சிரிக்கிறான். தப்பா எடுத்துக்காதீங்க.

டீச்சர் உள்ளதான் இருக்காங்க. மேல் கட்டையில மெதுவா வாசிக்கிறது கேக்குதில்ல? அது எங்க வீட்டம்மா. பேரு அமலோற்பவம். நான் அமலின்னு கூப்பிடுவேன். பத்து மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். "அங்கிள், நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க, நான் கூப்பிடுறேன்"னு ஹெப்சிபா டீச்சர் சொல்லிட்டாங்க. அவளுக்குத் தனியா கொஞ்சம் பயிற்சி தேவைப்படுது போல. நமக்குத் தேவையில்லைன்னு விட்டுட்டாங்க.

உங்களைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னாங்களா? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கே! நேரத்துக்கு முன்னாடி வர்ற ஆளு. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் சவரிமுத்து. ரயில்வேல லோகோ பைலட், அதான் ரயில் ஓட்டுறவன். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு. பொன்மலைப்பட்டியில வீடு. நீங்க? பேங்க்கா? நல்லது. ஏற்கெனவே வாசிப்பீங்களா? அட, சர்ச்சுல கீபோர்டா? அப்ப உங்களுக்கு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். கிளாசுக்கு வாங்க, தாராளமா வாங்க. ஆனா கச்சேரி, குரூப்பா வாசிக்கிறோம், நாலு பேரு எட்டு கை, அப்படின்னு யாராவது கூப்பிட்டாங்கன்னு வைங்க, படி இருக்கு பாருங்க, அப்படியே இறங்கிடுங்க. நான் இறங்கல. அதான் இப்படி உட்கார்ந்திருக்கேன்.

பெரியவங்க பேட்ச்னு நாங்க நாலு பேரு. பேருதான் பெரியவங்க. எங்களுக்கு முன்னாடி ஒன்பது மணிக்கு யூகேஜி, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க வந்து அருமையா வாசிச்சுட்டுப் போகும். அந்த சூடு ஆறுறதுக்குள்ள நாங்க போய் உட்காருவோம். பல் டாக்டர் இளமுருகு ஒருத்தர். ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கிற மனுஷன், டீச்சர் முன்னாடி தன் வாயைத் திறக்க மாட்டார். ஜைனுலாபுதீன் பாய் ஒருத்தர். பாலக்கரையில ரெடிமேட் கடை. வாசிச்சுக்கிட்டே எதிர்ல இருக்கிறவன் சட்டை சைஸைக் கண்ணாலேயே அளந்துடுவார். அப்புறம் நானும் அமலியும்.

அமலிதான் முதல்ல சேரணும்னா. நான் ரிட்டயர் ஆன மூணாவது மாசம். அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னா, காலைல பேப்பரை ரெண்டு தடவை படிப்பேன். அப்புறம் அடுப்படி வாசல்ல நின்னு குக்கர் விசிலை எண்ணுவேன். "ஒண்ணு! ரெண்டு!"ன்னு சத்தமா சொல்லுவேன். எங்க வேலையில அப்படித்தான் தம்பி. சிக்னலைப் பார்த்தா வாய்விட்டுச் சொல்லணும், பக்கத்துல இருக்கிற அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்லணும். நான் பச்சைன்னா அவனும் பச்சைம்பான். முப்பத்தாறு வருஷப் பழக்கம், விட்டுடுமா? இவ திருப்பிச் சொல்லமாட்டா. அது ஒண்ணுதான் குறை.

அப்படி ஒருநாள் நாலாவது விசிலை நான் அறிவிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான், "நான் பியானோ கிளாஸ் போகலாம்னு இருக்கேங்க"ன்னா. "நீ தனியா எப்படிப் போவ, நானும் சேர்ந்துக்கறேன்"னேன். "நீங்க எதுக்குங்க?"ன்னா. எனக்கு சிரமம் கொடுக்கக் கூடாதாம். பாவம். நான் விடுவேனா? மறுநாளே ரெண்டு பேருக்கும் ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன்.

முதல் நாள் டீச்சர் அவகிட்ட, "ஆன்ட்டி, முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. இவ, "பாதி வாசிச்சிருக்கேன்"ங்கிறா. நான் பக்கத்துல நிக்கிறேன். எனக்கே புதுச் செய்தி! கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவ அவ. அது தெரியும். அங்க ஒரு பியானோ இருந்திருக்கு. தூசி தட்டுற வேலை இவளுக்கு. ஒரு சிஸ்டர் பார்த்துட்டு, ஒரு வால்ட்ஸ் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வால்ட்ஸுன்னா மூணு மூணா எண்ணுற பாட்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாதி சொல்லிக் கொடுக்கும்போது அந்த சிஸ்டரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. மறுபாதி என்னன்னே இவளுக்குத் தெரியாது. பதிமூணு வயசுல நின்னது. டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாசிங்கன்னாங்க. வாசிச்சா தம்பி. நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, அந்தப் பாதியை அப்படியே வாசிச்சா. 

"எப்படி மறக்காம இருக்கீங்க?"ன்னு டீச்சர் கேட்டாங்க. "சாப்பாட்டு மேசையில வாசிப்பேன்"னா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. நான் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவேன். இவ எதிர்ல உட்கார்ந்து மேசையில விரலைத் தட்டிக்கிட்டே இருப்பா. நான் என்ன நினைச்சேன்? லேட்டா வந்ததுக்குக் கோபத்துல தட்டுறான்னு நினைச்சேன். கல்யாணமான புதுசுல ஒருநாள் கத்தினேன், "தட்டாத! நானா லேட் பண்ணேன்? அரியலூர்ல எதிர் வண்டிக்காக கிராசிங் போட்டு நிறுத்திட்டான்!"னு. அதுலேருந்து அவ கையை மேசைக்கு அடியில வச்சுக்குவா. சரி, திருந்திட்டான்னு நினைச்சேன் தம்பி. முப்பத்தி மூணு வருஷம் அப்படித்தான் நினைச்சேன்.

சரி, அதை விடுங்க. கச்சேரிக்கு வர்றேன்.

டீச்சர் வருஷத்துக்கு ஒரு தடவை ஹால் எடுத்துப் பிள்ளைங்களை எல்லாம் வாசிக்க வைப்பாங்க. நாங்க சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும், "இந்த வருஷம் பெரியவங்களும் வாசிக்கிறீங்க, ஆன்ட்டியோட வால்ட்ஸை ரெண்டு பியானோவுல நாலு பேரும் சேர்ந்து"ன்னுட்டாங்க. அந்த மறுபாதியைத் தேடி எடுத்து, நாலு பேருக்கும் பிரிச்சு எழுதிக் கொடுத்தாங்க. டாக்டரும் பாயும் ஒரு பியானோ. நானும் அமலியும் ஒண்ணு. அன்னைக்கு அமலி முகத்தைப் பார்க்கணுமே! வீட்டுக்கு வர்ற வழியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரே ஒரு தடவை, நாலு பேரு முன்னாடி, முழுசா வாசிச்சுட்டேன்னா போதுங்க"ன்னா. வேற எதுவும் அவ என்கிட்ட கேட்டதா ஞாபகமில்ல. கேட்டிருப்பா. நான் என்ஜின் சத்தத்துல இருந்திருப்பேன்.

டீச்சர் என்னை பெஞ்சுல இடது பக்கம் உட்காரச் சொன்னாங்க. எனக்கு ஒரே குஷி. ஏன்னா என்ஜின்ல இடது பக்கம்தான் பைலட் சீட். பரவாயில்ல, ஆளைப் பார்த்து இடம் கொடுக்கிறாங்கன்னு நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். அப்புறம்தான் தெரியுது, பியானோவுல எல்லாம் தலைகீழ். வலது பக்கம் உட்கார்றவங்கதான் பாட்டை வாசிக்கிறது. இடது பக்கம் இருக்கிறவன் பம்-சக்-சக். பம்-சக்-சக். அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயசுல என்னை அசிஸ்டென்ட் ஆக்கிட்டாங்க! அதுவும் சொந்தப் பொண்டாட்டிக்கு.

வாசிச்சேன். மோசம்னு சொல்லமாட்டேன். என் விரலைப் பாருங்க, வாழைக்காய் மாதிரி, ஒரு கட்டையை அமுக்கினா பக்கத்துக் கட்டையும் கூடவே வரும். அதைத் தவிர நல்லாத்தான் வாசிச்சேன். ஒரே பிரச்சினை, மத்த மூணு பேரும் லேட்டு. நான் போய்ச் சேர்ந்து நிப்பேன், அவங்க பின்னாடி ஆடி அசைஞ்சு வருவாங்க. "அங்கிள், மெதுவா"ம்பாங்க டீச்சர். "டீச்சர், அவங்களைச் சொல்லுங்க"ம்பேன். மூணு பேரும் ஒரே மாதிரி, ஒரே அளவு லேட்டா வந்தா அதுக்கு என்ன அர்த்தம்? ம், சிரிக்கிறீங்க. உங்களுக்கு உடனே புரிஞ்சுடுச்சு. எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு.

டீச்சர் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தாங்க. நல்லா கேட்டுக்குங்க, இதுலதான் எல்லாம் போச்சு. மேடையில வாசிக்கும்போது யாராவது எங்க இருக்கோம்னு தெரியாம தொலைஞ்சு போனா, நிறுத்தக் கூடாது. முழிக்கக் கூடாது. கையை எடுக்கவும் கூடாது. கட்டைமேல விரலை சும்மா ஓட்டிக்கிட்டே இருக்கணும், ஆனா அமுக்கக் கூடாது. பார்க்கிறவங்களுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும். அதுக்குள்ள மத்தவங்க எங்க வாசிக்கிறாங்கன்னு காதால கேட்டு, இடத்தைப் பிடிச்சு சேர்ந்துக்கணும். அருமையான ஏற்பாடுதானே? டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாதி பாட்டை அவர் அப்படித்தான் வாசிச்சார்.

கச்சேரி அன்னைக்கு சாயங்காலம் நாலு மணி. ஆம்பளைங்க மூணு பேருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கழுத்துல கறுப்பு போ டை. பாய் கடையிலேருந்து எடுத்துக் கொடுத்தார். என் வயித்துக்கு சைஸ் இல்லாம ஹோட்டல் சர்வர்களுக்குத் தைச்சு வச்சிருந்ததுல ஒண்ணைக் கொடுத்தார் போல. ஹால் வாசல்ல நிக்கிறேன், ஒரு அம்மா வந்து, "ஏப்பா, காபி எப்ப கொடுப்பீங்க?"ன்னு கேக்குது. நானும் பதட்டத்துல, "நிகழ்ச்சி முடிஞ்சதும்மா"ன்னுட்டேன். அமலி பட்டுச் சேலையில வந்திருந்தா. விரலெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. "ஒண்ணும் பயப்படாத, நான் பக்கத்துல இருக்கேன்ல"ன்னேன்.

மேடை ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி டீச்சர் ஓடிவந்தாங்க. "நேரம் இல்ல, முதல் பாதியை ரெண்டாவது தடவை வாசிக்க வேண்டாம். ரிப்பீட் கிடையாது. நேரா மறுபாதிக்குப் போயிடுங்க"ன்னாங்க. எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

ஆட்டினேன் தம்பி. பொய் சொல்லல. ஆனா பாருங்க, தாள்ல முதல் பாதி முடியற இடத்துல கோடு போட்டு ரெண்டு புள்ளி வச்சிருக்கும். திரும்பிப் போன்னு அர்த்தம். அது எழுத்துல இருக்கு. டீச்சர் சொன்னது வாய்ச்சொல். சிவப்பு எரியுற சிக்னலை ஒருத்தன் "பரவாயில்ல, வா"ன்னு கையைக் காட்டினா வண்டியை எடுப்பேனா நான்? எழுத்துல ஆர்டர் கொடு, கையெழுத்துப் போடு, அப்புறம் எடுக்கிறேன்னு சொல்லித்தான் முப்பத்தாறு வருஷம் ஒரு விபத்து இல்லாம வந்தேன். அது ரத்தத்துல ஊறிப்போச்சு தம்பி. வாசிச்சுக்கிட்டே வர்றேன், அந்த ரெண்டு புள்ளி வருது, யோசிக்கவே இல்ல. ஆரம்பத்துக்குத் திரும்பிட்டேன். அவங்க மூணு பேரும் நேரா போயிட்டாங்க.

ஒரு மூணு நொடி என்ன சத்தம்னு நினைக்கிறீங்க! பாத்திரக் கடையில மாடு நுழைஞ்ச மாதிரி. உடனே எனக்கு, ஐயோ தொலைஞ்சுட்டோம்னு தெரிஞ்சுபோச்சு. விதி ஞாபகம் வந்துச்சு. விரலை ஓட்டு, அமுக்காதே. மத்த மூணு பேரு எங்கன்னு கேளு. நான் கேக்குறேன். ஒண்ணும் கேக்கல. ஏன் கேக்கல? டாக்டர், தான்தான் தொலைஞ்சுட்டோம்னு நினைச்சுட்டார். பாயும் அப்படியே நினைச்சுட்டார். அமலியும் நினைச்சுட்டா. நாலு பேரும் ஒரே நேரத்துல விதியைக் கடைப்பிடிக்கிறோம்! எட்டு கையும் கட்டைமேல பறக்குது, டாக்டர் கண்ணை மூடிக்கிட்டு தலையை ஆட்டுறார், பாய் உணர்ச்சியில முன்னும் பின்னும் சாயறார், ஹால்ல பொட்டு சத்தமில்ல.

பின்னாடியிலேருந்து ஒரு பெரியவர், "கரண்டு போயிடுச்சா?"ங்கிறார். ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருக்கு. மைக் செட்காரன் ஓடிவந்து ஒவ்வொரு ஒயரா புடுங்கிப் புடுங்கி சொருகுறான். அப்புறம் சத்தத்தை முழுசா ஏத்திவிட்டான். டாக்டர் வாய்க்குள்ள "ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ"ன்னு எண்ணிக்கிட்டிருந்தது ஹால் பூரா கேட்டுச்சு. ஒன்பது மாசப் பிராக்டிஸ்ல அவர் குரலை நாங்க அன்னைக்குத்தான் ஒழுங்கா கேட்டோம்.

எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல. ஒண்ணரை நிமிஷம் இருக்கும். திடீர்னு பாய் கடைசி அடியை மட்டும் டொய்ங்னு ஓங்கி ஒரு அடி அடிச்சார் பாருங்க! நாலு பேரும் எந்திரிச்சு கும்பிட்டோம். என்ன கைதட்டல்! தலைமை தாங்க வந்த ரிட்டயர்டு பேராசிரியர் மைக்கைப் பிடிச்சு, "நிசப்தத்தையும் இசையாக்கிக் காட்டிய இந்த நால்வரின் துணிச்சலை..."ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் பேசினார். எனக்கு சால்வை போட்டாங்க. நானும் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். வெக்கமே இல்லாம.

ஆட்டோவுல வரும்போது வழி பூரா நான்தான் பேசினேன். பாய் மட்டும் அடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும், பேராசிரியர் என்ன அழகா சொன்னார், இப்படி. அமலி வெளியிலேயே பார்த்துக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து சேலைகூட மாத்தாம சாப்பாட்டு மேசையில உட்கார்ந்துட்டா.

இப்ப நான் சொல்லப்போறதை டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல, பாய்கிட்டயும் சொன்னதில்ல. உங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன், அதனால சொல்லலாம். அந்த ஒண்ணரை நிமிஷம் நாங்க மூணு பேரும் சும்மா விரலை ஆட்டினோம். எதையோ ஆட்டினோம். அமலி ஆட்டல. நான் பக்கத்துல இருந்தேன், பார்த்தேன். அவ மறுபாதியை வாசிச்சா. ஒவ்வொரு கட்டையா, சரியான விரல்ல, ஒரு இடம் விடாம, அமுக்காம, கடைசி வரைக்கும். முடிச்சுட்டு கையை மடியில வச்சா. அதைப் பார்த்துட்டுத்தான் பாய் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு கடைசி அடியை அடிச்சார். அவ முழுசா வாசிச்சுட்டா தம்பி, நாலு பேரு இல்ல, முன்னூறு பேரு முன்னாடி. ஒருத்தர் காதுலயும் விழல. சாப்பாட்டு மேசைக்கு அடியில வாசிச்ச மாதிரியே.

மேசையில உட்கார்ந்திருந்தவகிட்ட, "நீ சரியாத்தானே போய்க்கிட்டிருந்த? ஏன் அமுக்கல?"ன்னு கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன், வேற எப்படிக் கேக்கத் தெரியும் எனக்கு? அவ சொன்னா, "நீங்க திரும்பிப் போனீங்க. நீங்க தப்பாப் போவீங்கன்னு எனக்குத் தோணலைங்க. நான்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

கேட்டதும் எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. என்ன நம்பிக்கை வச்சிருக்கா பாருன்னு நிம்மதியா படுத்துத் தூங்கினேன். மறுநாள் காலைல பல்லு விளக்கும்போதுதான் என்னவோ பண்ணுச்சு. வாயில நுரையோட அப்படியே நின்னேன்.

அப்புறம் மூணு வாரம் அவ கிளாசுக்கு வரல. நான் மட்டும் வருவேன், ஆளில்லாத வலது பக்கத்தைப் பார்த்துக்கிட்டே பம்-சக்-சக் வாசிச்சுட்டுப் போவேன். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரும்போது அவளே சொன்னா. "டீச்சர்கிட்ட பேசிட்டேங்க. அடுத்த மாசம் சின்னதா இன்னொரு நிகழ்ச்சி வைக்கிறாங்க. அந்த வால்ட்ஸை மறுபடி வாசிக்கலாம்னாங்க. நான் சனிக்கிழமை போறேன்"னா. எனக்கு உசுரு வந்துச்சு. இந்தத் தடவை விடமாட்டேன், அவளை முழுசா கொண்டுபோய்ச் சேர்த்துட்டுத்தான் மறுவேலைன்னு ராத்திரி பகலா பிராக்டிஸ் பண்ணியிருக்கேன். இன்னைக்குக் காலைலகூட, "வெயிலா இருக்கு, நீங்க வரணும்னு இல்லைங்க"ன்னா. ரெண்டு தடவை சொன்னா. வெயில் என்னை என்ன பண்ணும், நான் பார்க்காத வெயிலான்னு கிளம்பிட்டேன்.

சரி, என் புராணம் போதும். நீங்க என்ன வாசிக்கப் போறீங்க? ஃபைல்ல என்னமோ வச்சிருக்கீங்களே. டீச்சர் அனுப்பினாங்களா? போன்ல அனுப்பினதை பிரின்ட் போட்டுக்கிட்டு வந்தீங்களா? காட்டுங்க, கஷ்டமான இடம் ஏதாவது இருந்தா சொல்லிக் கொடுக்கிறேன்.

இது...

பம்-சக்-சக்.

இது என்னோடது தம்பி. இடது பக்கம் உட்கார்றவன் வாசிக்கிறது. உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்களா? சொல்லுங்க, பரவாயில்ல. ஒரு ஆன்ட்டிக்குத் துணை வாசிக்கணும்னாங்களா? ஆன்ட்டியே கேட்டாங்கன்னு சொன்னாங்களா?

ஓ.

இல்ல இல்ல, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உட்காருங்க. உங்க மேல என்ன தப்பு இருக்கு? ஒரு நிமிஷம் இருங்க. கீழ வண்டி சத்தம் ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணும் யோசிக்க முடியல.

நல்லா பண்ணினா பாருங்க! முப்பத்தி மூணு வருஷத்துல எனக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணியிருக்கா. வெயிலா இருக்கு, வர வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னாளே. அவ்வளவாவது சொல்லியிருக்கா. "நீங்க எதுக்குங்க"ன்னு முதல் நாளே கேட்டா. நான்தான் ஃபாரம் வாங்கிட்டு வந்தேன். டீச்சரும் என்னை வெளியில உட்கார வச்சிருக்காங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம. நான் பாட்டுக்கு, அவளுக்குத் தனிப் பயிற்சின்னு உங்ககிட்ட அளந்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் பொறுமையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. என்னை மாதிரி ஒரு மடையனைப் பார்த்திருக்கீங்களா?

வலிக்குது தம்பி. இல்லைன்னு சொல்லமாட்டேன்.

பதினொண்ணாகப் போகுது. அந்த ஃபைலை இப்படிக் கொடுங்க. நாங்க ஓடுற வண்டியை அடுத்த பைலட் கையில விடும்போது சும்மா இறங்கிப் போயிட மாட்டோம். பிரேக் எப்படி இருக்கு, எந்த இடத்துல மெதுவா போகணும், எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் இறங்குவோம். சொல்றேன், கவனமா கேட்டுக்குங்க.

ரெண்டாவது வரியில இந்த இடம். அவளுக்கு சுண்டு விரல் எட்டாது, ஒரு நொடி பிந்தி வருவா. நில்லுங்க. நேரத்தைப் பிடிக்கிறேன்னு ஓடாதீங்க. இங்க, நாலாவது வரி முடியும்போது மூச்சை இழுப்பா, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்கும். அவ தயார்னு அர்த்தம், அப்ப எடுங்க. தாள் திருப்புறது நீங்க. அவ வாயைத் திறந்து சொல்லமாட்டா, தாடையை மட்டும் லேசா தூக்குவா. பயம் வந்தா வலது முழங்கால் ஆடும். பார்க்காத மாதிரி இருந்துடுங்க. வாய்விட்டு எண்ணாதீங்க. "பயப்படாத, நான் இருக்கேன்"னு சொல்லவே சொல்லாதீங்க. இந்த மறுபாதி ஆரம்பிக்குதில்ல, இங்க உங்க பம்-சக்-சக்கைப் பாதியா குறைச்சுடுங்க. பாருங்க, எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு என்ன பண்ணேன்? ஒரு இடத்துலயாவது நின்னிருக்கேனா?

உங்க தாள்ல அந்த ரெண்டு புள்ளி அப்படியே இருக்கே! டீச்சர் போன்ல சொன்னாங்களா, ரிப்பீட் வேண்டாம்னு? அது பத்தாது தம்பி. பேனா இருக்கா? கொடுங்க. இதோ, கோடு போட்டு அடிச்சாச்சு. பக்கத்துல எழுதறேன் பாருங்க, "திரும்பிப் போகக் கூடாது. நேராகச் செல்லவும்." கீழ சவரிமுத்து. இன்னைக்குத் தேதி. மணி பத்து ஐம்பத்தெட்டு. இப்ப உங்ககிட்ட எழுத்துல இருக்கு.

கூப்பிடுறாங்க பாருங்க, போங்க. அமலி உங்க முகத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்ப்பா. அவர் கோபமா இருக்காரான்னு கேட்டா, பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

தம்பி, ஒரே ஒரு உதவி. ஒன்பது மாசம் பக்கத்துல உட்கார்ந்திருந்தும் என் சத்தத்துல நான் அந்த மறுபாதியை ஒழுங்கா கேட்டதே இல்ல. போகும்போது கதவை முழுசா சாத்திடாதீங்க.